என்.எம்.எம்.எஸ். பட்டியலில் பெயர் வந்த பிள்ளைக்குப் பணம் ஏன் வரவில்லை? மதுரை மாவட்டப் பள்ளி உதவித்தொகைகள்: விவாத இழை

செல்லம்பட்டி வாசகர் வட்டம்:
வணக்கம். உசிலம்பட்டி, செல்லம்பட்டி வட்டாரத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிற இளைஞர்கள் சார்பாக இந்த இழையைத் தொடங்குகிறேன். என்.எம்.எம்.எஸ். என்கிற தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் கிடைக்கிற மாதம் ஆயிரம் ரூபாயில் ஒரு பிள்ளையின் படிப்பு நிஜமாகவே மாறுமா? எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை எந்தத் தேர்வை எப்போது எழுத வேண்டும்? பட்டியலில் பெயர் வந்தும் சில பிள்ளைகளுக்குப் பணம் வருவதில்லை, எந்த இடத்தில் சிக்குகிறது? பொதுவான அறிவுரை நிறையக் கேட்டாயிற்று. வேலைக்கு ஆகிற விவரம் வேண்டும்.

பேரையூர் கணக்கு டீச்சர்:
முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு எது கிடைக்கிறது, எது எங்கே நின்றுபோகிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்து வரை (2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கினார்கள்). சீருடை எட்டு வரை. மதியச் சத்துணவு பத்து வரை. பாடநூலும் பஸ் பாஸும் பன்னிரண்டு வரை. சைக்கிள் பதினொன்றில்.

இதில் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மதியச் சோறு நின்றுவிடுகிறது. ஊர்ப் பள்ளி பத்தோடு முடிந்தால் மேல்நிலைப் பள்ளிக்கு வெளியூர் போக வேண்டும். அறிவியல் பிரிவு எடுத்தால் ரெக்கார்டு நோட்டு, செய்முறைக்கான சாமான். சிறப்பு வகுப்பு முடிந்து வருவதற்குள் டவுன் பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோ. ஒவ்வொன்றும் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்தான். ஆனால் எல்லாம் ஒரே வருடத்தில் ஒரே வீட்டின் தலையில் விழுகிறது. மல்லிகைத் தோட்ட வேலைக்குப் போகிற வீட்டில் விடியுமுன்பே பெரியவர்கள் பூ எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்க அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. மதியம் பட்டினி கிடந்து, மூன்றாவது பீரியடிலேயே சோர்ந்து, திங்கள்கிழமை லீவு போட்டு, அப்படியே நின்றுபோகிற பிள்ளைகள் உண்டு. படிப்பு வராமல் நிற்பவர்கள் அல்ல இவர்கள்.

என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டும் வரும். ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். மேலே சொன்ன அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது என்பதுதான் இதன் பலமே.

திருமங்கலம் பாலு:
டீச்சர் சொல்வது சரி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பத்து முடித்த பையன் மில்லுக்கோ கடைக்கோ போனால் ஒரே மாதத்தில் இதைப் போலப் பல மடங்கு கொண்டுவருவான். கடன் இருக்கிற வீட்டில் இந்த ஆயிரம் எப்படி அவனைப் பிடித்து வைக்கும்?

பேரையூர் கணக்கு டீச்சர்:
@திருமங்கலம் பாலு சார், கூலிக்கு ஈடாக இது ஒருநாளும் ஆகாது. பெற்றோரிடம் அப்படிச் சொல்லி நம்ப வைக்கவும் கூடாது. இது வேறு மாதிரி வேலை செய்கிறது. பணம் பிள்ளையின் பெயரில் வருகிறது. அரசு, அரசு உதவி பெறும் அல்லது உள்ளாட்சிப் பள்ளியில் படித்தால்தான் வரும், படிப்பை விட்டால் நின்றுவிடும். அதனால் "பதினொன்றில் சேர்க்கலாமா வேண்டாமா" என்று வீட்டில் பேச்சு வரும்போது, சேர்க்காவிட்டால் இழக்கப்போகிற தொகை என்று ஒன்று கண்முன் இருக்கிறது. அதுவரை அந்தப் பேச்சில் செலவுப் பக்கம் மட்டும்தான் இருந்தது.

இன்னொன்றையும் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதம் ஆயிரம் என்பது கணக்குக்காகச் சொல்வது. மாதாமாதம் வராது. ஆண்டுத் தொகையாகச் சேர்த்து, பெரும்பாலும் தாமதமாகத்தான் வரவு வைப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்கான பணம் பத்துக்குப் போன பிறகு வந்தால் பதற வேண்டாம். ஆனால் ஜூன் மாதச் செலவுக்கு இதை நம்பி வட்டிக்கு வாங்கிவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு நடக்கும்போது வருகிற பணத்தில் கொஞ்சம் தொடாமல் வைத்தால், பதினொன்றில் சேரும்போது நோட்டு, செருப்பு, மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் கை கொடுக்கும்.

அலங்காநல்லூர் பயிற்சி மையம்:
தேர்வு பற்றி எழுதுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எழுத முடியும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 50) எடுத்திருக்க வேண்டும். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள். தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா பிள்ளைகளுக்குக் கிடையாது. மதுரை மாநகராட்சிப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் தாராளமாக உண்டு. தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம், பதிவேற்றுவது பள்ளி. 2024இல் பிப்ரவரி 3, 2025இல் பிப்ரவரி 22 அன்று நடந்தது. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர்.

இரண்டு தாள். மனத்திறன் 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவு 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எனவே ஒரு வட்டத்தைக்கூடக் காலியாக விடக் கூடாது. தகுதிக்கு மொத்தம் 180இல் 40 சதவீதம், அதாவது 72. எஸ்.சி., எஸ்.டி.க்கு 32 சதவீதம். இது தகுதி மட்டும்தான், பட்டியலில் இடம்பிடிக்க இதைவிட நன்றாகவே மேலே போக வேண்டும். இனவாரி ஒதுக்கீடு உண்டு.

பிள்ளைகள் தடுமாறுவது மனத்திறனில்தான், ஏனென்றால் அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதே காரணத்தால் பயிற்சி கொடுத்தால் சட்டென்று ஏறுவதும் அதில்தான். ஒரு உதாரணம். கண்ணாடியில் கடிகாரம் 3:40 காட்டுகிறது, உண்மையான நேரம் என்ன? படம் போட்டுத் திருப்பிப் பார்த்தால் இரண்டு நிமிடம் போய்விடும். 11:60இலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்: 8:20. பத்து விநாடி வேலை. எண் தொடரும் அப்படித்தான். 2, 6, 12, 20, 30 என்று கொடுத்தால் பிள்ளை முதலில் வித்தியாசங்களை எழுதிப் பார்க்க வேண்டும். 4, 6, 8, 10 வந்தால் அடுத்தது 12, விடை 42. வித்தியாசத்தில் ஒழுங்கு தெரியாவிட்டால் பெருக்கலைப் பார்க்க வேண்டும், பிறகு வர்க்கம், கனம். இந்த வரிசை கைக்குப் பழகிவிட வேண்டும்.

ஜூலையில் தொடங்குங்கள். நவம்பரில் தொடங்கினால் மனத்திறனை முடிப்பதற்குள் தேர்வு வந்து நிற்கும். வாரம் இரண்டு மாலை மனத்திறன், சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பாடத்தைத் திருப்புவது. இந்த ஏழாம் வகுப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படிப்பறிவுத் தாளுக்கு ஏழாம் வகுப்பு முழுதும், எட்டாம் வகுப்பில் ஒரு பகுதியும் பாடத்திட்டம்.

ஓ.எம்.ஆர். தாளை, அதாவது வட்டத்தை நிரப்புகிற விடைத்தாளை, ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் கொடுங்கள். கருப்புப் பந்துமுனைப் பேனா. தெரியாத கேள்வி ஒன்றைத் தாண்டிப் போன பிள்ளை, அடுத்த விடையை அந்தக் காலி வரிசையில் நிரப்பிவிடும். அதிலிருந்து எல்லாமே ஒன்று தள்ளிப் போகும். பத்து கேள்விக்கு ஒருமுறை கேள்வி எண்ணும் வட்ட எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் இந்த விபத்து நடக்காது.

செல்லம்பட்டி வாசகர் வட்டம்:
அலங்காநல்லூர் சார், மிக்க நன்றி. 11:60 கணக்கை நாளைக்கே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். தேர்வுக்குப் பிறகு என்ன என்பதை யாராவது எழுதினால் நல்லது. எங்கள் ஆட்களுக்குத் தெரியாத பகுதி அதுதான்.

மேலூர் இ-சேவை:
ஏப்ரல்வாக்கில் முடிவு வரும். பள்ளியில் மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டதோடு பணம் தானாக வந்துவிடும் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். வராது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிறகு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்த பிள்ளைக்கு இங்கேதான் முதல் அடி விழுகிறது. பயிற்சி கொடுத்த பழைய பள்ளிக்கு இனி பொறுப்பு இல்லை. புதிய உயர்நிலைப் பள்ளிக்கு இந்தப் பிள்ளை பாஸ் ஆன விஷயமே தெரியாது. எனவே சேர்க்கை நாளன்றே தேர்வு முடிவின் நகலைப் புதிய தலைமையாசிரியரிடம் கொடுத்து, உதவித்தொகையைக் கவனிக்கிற ஆசிரியர் யார் என்று கேட்டுவிட வேண்டும்.

வருமானச் சான்று: மே மாதக் கடைசியில் போட்டுவிடுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். குடும்ப அட்டை, ஆதார், போட்டோ, சம்பளக்காரர் என்றால் சம்பளச் சான்று. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று போகும். ஜூன் மாதம் முழுக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் குவிவதால் அப்போது போட்டால் இழுக்கும். விசாரணைக்கு வி.ஏ.ஓ. கூப்பிடுகிற போன் நம்பர் வேலை செய்கிற நம்பராக இருக்கட்டும். நம்பருக்கு ஆள் கிடைக்காமல் திரும்புகிற மனுக்கள் நிறைய.

வருமானத்தை இஷ்டத்துக்குக் குறைத்துப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். எல்லாச் சான்றும் ஒரே குடிமக்கள் கணக்கு எண்ணில் சேருகிறது. இந்த வருடம் எழுபதாயிரம், அடுத்த வருடம் இரண்டு லட்சம் என்று இருந்தால் பின்னால் பிள்ளைக்குத்தான் கேள்வி வரும். மூன்றரை லட்சம் வரை இடம் இருக்கும்போது குறைக்க அவசியமே இல்லை.

சோழவந்தான் நோடல்:
இணையதளப் பகுதியை நான் சொல்கிறேன். முதலில் ஓ.டி.ஆர். என்கிற ஒருமுறைப் பதிவு. 14 இலக்க எண் கிடைக்கும், படிப்பு முடியும்வரை அதே எண்தான். ஆதாரில் உள்ள முகத்தோடு செயலி வழியாக ஒப்பிடுகிற கட்டம் ஒன்று உண்டு. ஐந்து வயதில் எடுத்த ஆதார் போட்டோவை வைத்துக்கொண்டு பதினாலு வயதுப் பிள்ளையின் முகத்தைக் காட்டினால் பொருந்தாது. ஆதாரைப் புதுப்பித்துவிட்டு வரச் சொல்லுங்கள். 15 வயதில் கைரேகை, கருவிழி புதுப்பிப்பது எப்படியும் கட்டாயம், 15 முதல் 17க்குள் செய்தால் கட்டணம் இல்லை.

விண்ணப்பத்தில் கைபேசி எண் பற்றி ஒரு வார்த்தை. ரீசார்ஜ் ஆஃபருக்காக சிம் மாற்றுகிற வீடுகள் உண்டு. அடுத்த வருடம் ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகும். நான்கு வருடத்துக்கு மாறாத ஒரு எண், அம்மாவுடையதோ தாத்தாவுடையதோ, அதைக் கொடுங்கள். ஓ.டி.ஆர். எண், கடவுச்சொல், அந்தக் கைபேசி எண் மூன்றையும் நோட்டின் அட்டைக்குள் எழுதி ஒரு நகல் பள்ளியிலும் இருக்கட்டும்.

மாணவர் சமர்ப்பித்ததோடு முடியாது. பள்ளியின் நோடல் அலுவலர், அதாவது உதவித்தொகைக்குப் பொறுப்பான ஆசிரியர், சரிபார்க்க வேண்டும், பிறகு மாவட்ட நோடல் அலுவலர் சரிபார்க்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி. பள்ளி நோடல் அலுவலருக்கும் ஆதார் கைரேகைச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். ஜூன் மாத மாறுதலில் தலைமையாசிரியரோ நோடல் ஆசிரியரோ போய்விட்டால், புதியவர் பெயர் ஏறும்வரை அந்தப் பள்ளியின் எல்லா விண்ணப்பமும் அப்படியே நிற்கும். தேதி தாண்டினால் பிள்ளையின் ஒரு வருடப் பணம், 12,000 ரூபாய், போய்விடும். பள்ளிகளில் இதைக் கவனிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே லாகின் வேலை செய்கிறதா, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

'டிஃபெக்டிவ்' என்று காட்டினால் நிராகரித்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். திருத்தி மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள். காரணமும் பக்கத்திலேயே இருக்கும். பெரும்பாலும் வருமானச் சான்றின் நாள் தாண்டியிருக்கும், அல்லது பெயர் பொருந்தாது. இந்தத் திருத்தத்துக்கும் கெடு இருப்பதால் வாரம் ஒருமுறை நிலையைத் திறந்து பார்க்க வேண்டும்.

திருமங்கலம் பாலு:
பெயர் பொருந்தாது என்றால் எப்படி? ஒரே பிள்ளைதானே.

சோழவந்தான் நோடல்:
பாலு சார், நம் ஊர் இனிஷியல்தான் பிரச்சினை. எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் 'மு. கவிதா'. ஆதாரில் 'கவிதா முத்தையா'. வங்கியில் 'கவிதா எம்'. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை, கணினிக்கு மூன்று பேர். விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ள பெயர்தான் ஏறும். பள்ளிப் பதிவேடு எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்ப ஆதாரை மாற்றி, அதை வைத்து வங்கியில் மாற்றுவதுதான் பின்னாளில் தொல்லை தராத வழி. இதைப் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போகிறதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் பெயர் திருத்துவது பெரிய அலைச்சல். பிறந்த தேதியையும் அதே நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அஞ்சல் வழி:
வங்கிப் பக்கம். 'கணக்கில் ஆதார் கொடுத்தாச்சு' என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கு தொடங்கும்போது கொடுத்த ஆதார் நகல் அடையாளத்துக்காக. அரசுப் பணம் வருவதற்கு, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கிற என்.பி.சி.ஐ. அமைப்பின் பட்டியலில் அந்த ஆதாருக்கு நேராக ஒரு வங்கி பதிவாகியிருக்க வேண்டும். இதைத்தான் சீடிங் என்கிறார்கள். அதற்கு வங்கியில் தனி ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான். கடைசியாக எதை இணைத்தோமோ அதுதான் நிற்கும். பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் ஒரு கணக்கு, பிறகு வேறு திட்டத்துக்காக இன்னொரு கணக்கு என்று இருந்தால், விண்ணப்பத்தில் எந்தப் பாஸ்புக் எண்ணைக் கொடுத்தாலும் பணம் சீடிங் உள்ள வங்கிக்கே போகும். மை ஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் வங்கிப் பெயரும் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். விண்ணப்பம் போடுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

கணக்கே இல்லாத பிள்ளைக்கு அஞ்சல் துறையின் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் இருப்புத்தொகை இல்லாத கணக்கு தொடங்கலாம். போஸ்ட்மேன் கையில் உள்ள கருவியிலேயே முடியும், சீடிங்கும் சேர்த்துச் செய்துவிடுவார். பள்ளிக்கே வரச் சொல்லி மொத்தமாகச் செய்யலாம். மற்ற வங்கியில் தொடங்கினாலும் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்காகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அபராதம் பிடிக்கிறார்கள் என்ற புகாரோடு நிற்க வேண்டிவரும். பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே கணக்கை இயக்கலாம்.

உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள், க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்கள் என்று போன் வந்தால் உடனே வைத்துவிடச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்தும் துறையிலிருந்தும் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். விண்ணப்பிக்க இணையதளத்தில் கட்டணமும் கிடையாது.

கள்ளிக்குடி வாசகி:
ஒன்பதில் இருக்கிற ஊரகத் திறனாய்வுத் தேர்வு, ட்ரஸ்ட் தேர்வு என்பார்களே, அதற்கு ஆண்டுக்கு வெறும் ஆயிரம் ரூபாய்தான். அதற்காகப் பிள்ளைகளை அலைய வைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்த நேரத்தைப் பத்தாம் வகுப்புக் கணக்குக்குக் கொடுக்கலாம்.

அலங்காநல்லூர் பயிற்சி மையம்:
அக்கா, இதில் நான் மாறுபடுகிறேன். கட்டணம் பத்து ரூபாய். எட்டாம் வகுப்புப் பாடமும் மனத்திறனும்தான், என்.எம்.எம்.எஸ்.ஸுக்குப் படித்ததே போதும். போட்டி மாநிலம் முழுக்க இல்லை, மாவட்டத்துக்கு நூறு பேர், ஐம்பது மாணவர் ஐம்பது மாணவியர். எட்டில் சில மதிப்பெண்ணில் தவறிய பிள்ளைக்கு உடனே அடுத்த வருடம் இன்னொரு வாய்ப்பு. தொகை சின்னதாக இருக்கலாம், 'நமக்கு வராது' என்று அந்தப் பிள்ளை ஒதுங்கிவிடாமல் இருப்பதற்கு அது உதவுகிறது.

கவனிக்க வேண்டியது தகுதி. கிராம ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும். வாடிப்பட்டி, பாலமேடு, எழுமலைப் பிள்ளைகள் எழுதலாம். மதுரை மாநகராட்சிக்கும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் நகராட்சிக்குள் படிக்கிற பிள்ளைகளுக்கும் இல்லை. வருமான வரம்பு ஒரு லட்சம், என்.எம்.எம்.எஸ். போல மூன்றரை இல்லை.

கள்ளிக்குடி வாசகி:
பாடம் ஒன்றுதான் என்றால் சரி, எழுதட்டும். அதற்கென்று தனி வகுப்பு வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பேரையூர் கணக்கு டீச்சர்:
பத்து, பதினொன்றாம் வகுப்புகளில் இருக்கிற இரண்டு தேர்வுகளைப் பலர் கண்டுகொள்வதில்லை. தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. 2023, 2024இல் பதினொன்றாம் வகுப்புக்கு நடந்தது, 2025 ஜனவரியிலிருந்து பத்தாம் வகுப்புக்கு. ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 500 மாணவர், 500 மாணவியர். இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். ஒன்பது, பத்து வகுப்புக் கணக்கு ஒரு தாள், அறிவியலும் சமூக அறிவியலும் ஒரு தாள், தலா 60 கேள்வி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும்போதே எழுதுகிற தேர்வு. ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருந்தால் போதும்.

இன்னொன்று பதினொன்றில் எழுதுகிற தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேர், மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு. மொத்தம் 36,000. பாடத்திட்டம் பத்தாம் வகுப்புத் தமிழ். தேர்வாகிறவர்களில் பாதி இடம் அரசுப் பள்ளிக்கு, மீதிப் பாதி பொது. கணக்கில் தடுமாறுகிற, தமிழில் கெட்டியான பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்களைத் தேடிப் பிடித்து எழுத வையுங்கள்.

கல்லூரிக்குப் போனதும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மாதம் ஆயிரம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போனாலும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதே அடிப்படை. பொறியியலில் அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கையில் கொஞ்சம் காசு வந்ததும் ஏழாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளிக்கு மாற்றி, கட்டணம் கட்ட முடியாமல் ஒன்பதில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் என்னென்ன கைவிட்டுப் போகிறது என்பதை மாற்றும் முன்பே அவர்களிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

செல்லம்பட்டி வாசகர் வட்டம்:
அப்பாவை இழந்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். வருமானச் சான்று யார் பெயரில்? அவர்களுக்கென்று வேறு ஏதும் உண்டா?

மேலூர் இ-சேவை:
அம்மா பெயரில் எடுங்கள். தந்தையின் இறப்புச் சான்றிதழைக் கூடவே வையுங்கள். குடும்ப அட்டையில் இறந்தவர் பெயர் நீக்காமல் இருந்தால் அதை முதலில் சரிசெய்தால் விசாரணை சுலபமாகும்.

வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகைத் திட்டம் ஒன்று பள்ளிக் கல்வித் துறையில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். முதல் தகவல் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் தேவைப்படும், எனவே எந்தக் காகிதத்தையும் தொலைக்க வேண்டாம். பெற்றோர் கட்டுமானம் அல்லது வேறு அமைப்புசாரா நல வாரியத்தில் பதிவு செய்தவர் என்றால், அங்கும் பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டு உதவி இருக்கிறது. வாரிய அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கள்ளிக்குடி வாசகி:
ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஒன்பது, பத்தில் ப்ரீமெட்ரிக் உதவித்தொகை இருக்கிறதே. அதையும் என்.எம்.எம்.எஸ்.ஸையும் சேர்த்து வாங்கலாமா?

சோழவந்தான் நோடல்:
கூடாது மேடம். இரண்டிலும் மத்திய அரசு நிதி இருக்கிறது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ப்ரீமெட்ரிக் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500, விடுதிப் பிள்ளைக்கு 7,000. என்.எம்.எம்.எஸ். 12,000. பட்டியலில் பெயர் வந்த பிள்ளையை ப்ரீமெட்ரிக்கில் சேர்க்காமல் இருப்பதுதான் சரி. வகுப்பாசிரியர் எல்லோர் பெயரையும் மொத்தமாக ஏற்றிவிடுவார், அப்புறம் என்.எம்.எம்.எஸ். சிக்கலில் மாட்டும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வருமான வரம்பும் இரண்டுக்கும் வேறு, ப்ரீமெட்ரிக்குக்கு இரண்டரை லட்சம்.

திருமங்கலம் பாலு:
ஒருமுறை போட்டால் நான்கு வருடமும் வருமா?

சோழவந்தான் நோடல்:
வராது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் எல்லோரும் மும்முரமாக இருப்பார்கள். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு நெருக்கடியில் மறந்துவிடுவார்கள், பதினொன்றில் பள்ளி மாறும்போது மறுபடி மறந்துவிடுவார்கள். ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், அதாவது 500க்கு 300. எஸ்.சி., எஸ்.டி.க்கு 55 சதவீதம், 275. இந்த எண்ணை ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். காலாண்டில் 240, 250 என்று நிற்கிற என்.எம்.எம்.எஸ். பிள்ளை யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டால், அடுத்த இரண்டு ஆண்டுப் பணமான 24,000 ரூபாயைக் காப்பாற்ற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்பது தெரியும்.

பத்துக்குப் பிறகு பாலிடெக்னிக்கோ தனியார் பள்ளியோ போனால் நின்றுவிடும். பாலிடெக்னிக் போகக் கூடாது என்று சொல்லவில்லை. நிற்கும் என்று தெரிந்து முடிவெடுக்கட்டும். வேறு அரசுப் பள்ளிக்கு மாறினால், ஓ.டி.ஆர். எண்ணோடு போன வருட விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியையும் புதிய பள்ளியின் நோடல் ஆசிரியரிடம் மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுங்கள்.

செல்லம்பட்டி வாசகர் வட்டம்:
கடைசியாக ஒன்று. தளத்தில் பணம் அனுப்பியதாகக் காட்டுகிறது, பாஸ்புக்கில் இல்லை. இப்படி இரண்டு பிள்ளைகள். எங்கே போவது?

அஞ்சல் வழி:
பள்ளிக்கு அலைய வேண்டாம், அவர்கள் கையில் இப்போது ஒன்றும் இல்லை. அரசு அனுப்பும் பணத்தைப் பின்தொடர்கிற பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பணம் எந்த வங்கிக்குப் போனது என்று பாருங்கள். கூடவே மை ஆதாரில் சீடிங் நிலையைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வங்கிப் பெயர் வந்தால், பிள்ளையும் பெற்றோரும் ஆதாரோடு அந்த வங்கிக்குப் போய் 'இந்த ஆதாரில் உள்ள கணக்கின் வரவு செலவு அறிக்கை வேண்டும்' என்று கேட்க வேண்டும். எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் கிடக்கும். கே.ஒய்.சி. என்கிற வாடிக்கையாளர் அடையாள விவரத்தைப் புதுப்பிக்காததால் முடக்கி வைத்திருந்தால் அங்கேயே படிவம் கொடுத்தால் திறந்துவிடுவார்கள். பணம் திரும்பிப் போனதாகக் காட்டினால் மட்டும் சீடிங்கைச் சரிசெய்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து, நோடல் ஆசிரியர் வழியாக மாவட்ட நோடல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். மனுவில் ஓ.டி.ஆர். எண், விண்ணப்ப எண், கல்வியாண்டு மூன்றும் இருக்க வேண்டும்.